நத்தைக்கு எந்தக் கடிகாரம்

ஜூலை 3, புதன்

எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு சுருக்கம் எழுதிக்கொள்வது என் வழக்கம். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் கையேடு எழுதியவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது. இந்த மாதக் குறிப்புகளில் வர இருப்பவை:

1. நத்தை என்ற கோர், அதாவது ஒரு சில்லின் மூளைப் பகுதியை, அதன் உள்ளே நுழையாமல், வெளியிலிருந்து விவரிப்பது.
2. அலுவலகத்தில் அளவாகப் பேசுவது. பேச்சு குறைந்தால் பிழையும் குறையும் என்பது என் அனுபவம்.
3. டூல் கேட்கும் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் நிரப்புவது.
4. மனைவி மயிலாத்தாள் கோபியிலிருந்து வரும்வரை வீட்டையும் செடிகளையும் பார்த்துக்கொள்வது.
5. முடிந்தால், ஒழுங்காகத் தூங்குவது.

இன்றுதான் முதல் நாள். பீளமேட்டில் ஒரு வீட்டின் மாடி. கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறை. வார்னிஷ் வாசனை படியேறி வருகிறது. மேலே மொத்தம் இரண்டு பேர். யமுனா உடுமலைப்பேட்டைப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஐந்து வருடமாக நத்தையை வடிவமைக்கிறாள். ரூபன் நாகர்கோவில்காரர், கூட்டாளி, சிரிக்காமல் கிண்டல் செய்கிறவர்.

"நத்தைய எங்களுக்குத் தெரியுங்க சார். வெளி ஆளுக்குச் சொல்லத்தான் வரமாட்டேங்குது. உங்க பழைய கையேடு ஒண்ணு படிச்சேன். அதனாலதான் தேடிப் பிடிச்சேன்" என்றாள் யமுனா.

"சார் வந்தாச்சுல்லா. இனி நத்தைக்கு ஜாதகம் ரெடி" என்றார் ரூபன்.

ஜாதகம் என்பது தவறான உவமை இல்லை. ஒரு சில்லு செய்ய வேண்டுமானால் இப்போதெல்லாம் டூல் எனப்படும் மென்பொருளில் பெட்டிகளை வைத்துப் படம் வரைகிறார்கள். கோர் ஒரு பெட்டி, நினைவகம் ஒரு பெட்டி, உணரி ஒரு பெட்டி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று டூலுக்குத் தெரியாது. பெட்டியோடு வரும் விவரிப்பைப் படிக்கும். எத்தனை முனைகள், எது உள்ளே வருவது, எது வெளியே போவது, எந்த முனை எந்தக் கடிகாரத்தின் தாளத்துக்கு ஆடுவது என்பதையெல்லாம் பார்த்து, பொருத்தம் கண்டு, கம்பிகளைத் தானே இழுக்கும். நான் எழுத வேண்டியது அந்த விவரிப்பைத்தான்.

இம்மாதம் 26, வெள்ளிக்கிழமை மாலை, பல சிறு கம்பெனிகளின் சில்லுகள் ஒன்றாக ஃபேப்புக்கு, அதாவது சில்லு செய்யும் ஆலைக்கு, போகின்றன. அதில் நத்தைக்கும் ஓரிடம் பிடித்திருக்கிறார்கள். தவறவிட்டால் அடுத்தது டிசம்பரில். அதுவரை கம்பெனி தாங்குமா என்பதை யமுனா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். கோபியிலிருந்து போன் இல்லை.

ஜூலை 8, திங்கள்

நத்தை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று இன்று தெரிந்தது. கோடையில் நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். ஈரம் பட்டால் எழும். இந்தக் கோரும் அப்படித்தான். குன்னூர்ப் பக்கத்துச் சரிவுகளில் சிறு பெட்டிகளாகப் புதைக்கப் போகிறார்கள். ஒரே பேட்டரியில் பத்து வருடம் கிடக்க வேண்டும். ஆகவே எப்போதும் தூக்கம். மண் அசைந்தால் மட்டும் உணரி ஒரு கம்பியை உயர்த்தும். நத்தை விழித்து, கீழே இருக்கிறவர்களுக்குத் தகவல் அனுப்பும்.

அதற்கு இரண்டு கடிகாரங்கள். ரூபன் அவற்றுக்கு எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் என்று பெயர் வைத்திருக்கிறார். விழித்திருக்கும்போது எக்ஸ்பிரஸ் ஓடும். தூங்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க எக்ஸ்பிரஸை அடியோடு நிறுத்திவிடுவார்கள். பாசஞ்சர் மட்டும் மெதுவாக, எப்போதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மதியம் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். மலைக்குள் இருக்கிறேன். மண் வெதுவெதுப்பாக இருக்கிறது. வேர்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. எங்கோ ஒரு பாசஞ்சர் ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் எந்த ஸ்டேஷனும் வரவில்லை. விழித்தபோது கீழே பட்டறையில் காயில் சுற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரூபன் என்னைப் பார்த்து, "சார் கோருக்குள்ள போயிட்டு வந்துட்டாரு" என்றார்.

மாலையில் மயிலாத்தாள் போன் செய்தாள்.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

"ம்."

"என்ன செஞ்சீங்க?"

"ரசம்."

"செடிக்கெல்லாம்?"

"ஊத்தினேன்."

பிறகு, "சரி வெக்கட்டுங்களா" என்றாள். தங்கை மகள் வளைகாப்புக்குப் போனவள். அங்கே வேலை அதிகமாக இருக்கும்.

ஜூலை 10, புதன்

முனைகள் ஒவ்வொன்றாக முடிந்து வருகின்றன. முகவரி முனைகள், தரவு முனைகள், ரீசெட் எல்லாம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் நேரே 'கடிகாரம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் டூல் அடுத்த பக்கத்துக்கு விடாது. எல்லாவற்றுக்கும் எக்ஸ்பிரஸ் என்று போட்டுக்கொண்டு வந்தேன். சரியாகத்தான் இருந்தது.

'விழிப்பு' முனையில் வந்து நின்றேன். மண் அசைந்தால் உயரும் கம்பி இங்கேதான் வந்து சேர்கிறது. யமுனாவின் குறிப்பில், 'எப்போது வேண்டுமானாலும் வரும்' என்று மட்டும் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் வருவது எந்தக் கடிகாரத்தைச் சேர்ந்தது? எனக்குப் புரியவில்லை. இவ்வளவு படித்தும் இது புரியவில்லையே என்றும் தோன்றியது.

கேட்டுவிடலாம் என்று யமுனாவின் அறை வாசல் வரை போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்னங்க சார்?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். "ஒன்றுமில்லை" என்று கையசைத்துவிட்டு வந்தேன். அவசரத்தில் இருக்கிறவளிடம் அரிச்சுவடிக் கேள்வி கேட்பானேன்.

மற்ற முனைகளுக்குப் போட்டதையே இதற்கும் போட்டேன். டூல் அடுத்த பக்கத்துக்கு விட்டது.

ஜூலை 12, வெள்ளி

விவரிப்பு முடிந்தது. பொருத்தம் பார்க்கும் பொத்தானை யமுனாவே அழுத்தினாள். திரை முழுவதும் பச்சை. பிழை ஒன்றுமில்லை, எச்சரிக்கை ஒன்றுமில்லை.

"சார், பத்துக்குப் பத்துப் பொருத்தம். இனி மாப்பிள வீட்டுக்காரங்க வாயே தொறக்க முடியாது" என்றார் ரூபன். கீழே இறங்கிப் போய் முட்டை பப்ஸ் வாங்கி வந்தார். நான் முட்டை சாப்பிடுவதில்லை என்று சொல்லவில்லை. பப்ஸின் மேலடுக்கை மட்டும் சாப்பிட்டேன்.

"சார், முழு டெஸ்ட் ரூபன் பாத்துக்குவாரு. நீங்க வந்து போயிட்டு இருங்க. எழுத்து வேலை நெறைய இருக்குது" என்றாள் யமுனா. முகம் தெளிந்திருந்தது. இந்த ஐந்து வருடத்தில் அவள் அம்மா மூன்று முறை கேட்டாராம், இன்னும் அந்த நத்தை முடியலையா என்று.

ஜூலை 14, ஞாயிறு

மயிலாத்தாள் பாத்ரூமில் இருந்ததால் போனை அவள் தங்கை எடுத்தாள். "வளகாப்பு முடிஞ்சு எட்டு நாளாச்சுங்க மாமா. அக்கா இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லுது. நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை.

போன மாதம் மகன் திருமூர்த்தி பெங்களூரிலிருந்து மாமனார் மாமியாரோடு வந்திருந்தான். சாப்பிடும்போது பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சின்னப் பேச்சு. பெரிதாக ஒன்றும் இல்லை.

மோர் மிளகாய் வறுத்தேன். கருகிவிட்டது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று. ஜன்னல்கள் தாமே திறந்து தாமே மூடிக்கொள்கின்றன. சாரல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்று கை நீட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது.

ரூபன் கணினியில் ஓட்டிய டெஸ்ட் முடிந்துவிட்டது. மண் அசைந்தது, நத்தை விழித்தது. யமுனா எதிர்பார்த்ததைவிட இரண்டு கடிகாரத் துடிப்பு தாமதமாக விழித்தது. அது ஏன் என்று யமுனா கேட்டாள். "ரெண்டே ரெண்டு துடிப்பு. கண்ணு தொடச்சிட்டு எழும்புது, விடும்மா" என்றார் ரூபன். சிரித்தார்கள்.

மதியம் மறுபடியும் அந்த மலைக் கனவு. இந்த முறை யாரோ மேலே மண்ணைத் தட்டினார்கள். மெதுவாக, மரியாதையாக, விருந்தாளி தட்டுவதுபோல. வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் மண். ஆனால் பயமாக இல்லை, சுகமாக இருந்தது. அதுதான் விழித்தபிறகு பயமாக இருந்தது.

ஜூலை 20, சனி

மாலை காஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் எங்கே என்று போன் செய்தால், "மதியமே வந்து பெல் அடிச்சோம் சார், யாரும் தெறக்கல" என்றார்கள். நான் வீட்டில்தான் இருந்தேன். மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அழைப்பு மணி கரண்டில் ஓடுவது. அவர் வெளியே நின்று அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். உள்ளே நான் தூங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அழுத்துகிறவருக்கு மணி அடிக்கவில்லை என்பது தெரியாது. ஆள் இல்லை என்றுதான் நினைப்பார்.

பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

டூல் முழுச் சில்லுக்கும் வரைந்த படத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. என் விவரிப்பு எப்படிப் படமாகியிருக்கிறது என்று பார்க்க ஓர் ஆசை, அவ்வளவுதான்.

உணரிக்கும் நத்தையின் விழிப்பு முனைக்கும் நடுவே இரண்டு சிறு பெட்டிகள் இருந்தன. அவற்றை யமுனா வைக்கவில்லை. ரூபன் வைக்கவில்லை. நான் விவரிக்கவில்லை. டூலே வைத்திருக்கிறது. உணரி பாசஞ்சரில் ஓடுகிறது. விழிப்பு முனை எக்ஸ்பிரஸ் என்று நான் எழுதியிருக்கிறேன். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஆள் தடுக்கி விழாமல் மாற வேண்டுமே என்று, நல்லெண்ணத்தோடு, டூல் நடுவில் இரண்டு படிக்கட்டு வைத்திருக்கிறது. இரண்டு துடிப்பு தாமதம் அதனால்தான்.

படிக்கட்டுகள் எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன.

நத்தை தூங்கும்போது எக்ஸ்பிரஸ் நின்றிருக்கும்.

அப்படியானால் மண் அசையும். கம்பி உயரும். முதல் படிக்கட்டு வரை செய்தி வந்து நிற்கும். படிக்கட்டை நகர்த்த எக்ஸ்பிரஸ் ஓட வேண்டும். எக்ஸ்பிரஸ் ஓட நத்தை விழிக்க வேண்டும். நத்தை விழிக்கச் செய்தி வந்து சேர வேண்டும்.

நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். ரூபனின் டெஸ்டில் விழித்ததே? பச்சைதானே காட்டியது?

சில்லு வெள்ளிக்கிழமை போகிறது.

ஜூலை 23, செவ்வாய்

ரூபனின் டெஸ்ட் பதிவைப் படித்தேன். முழுத் தூக்கத்தை ஓட்டிப் பார்க்க நேரம் பிடிக்கும் என்று, டெஸ்ட் நேரம் முழுவதும் எக்ஸ்பிரஸை நிறுத்தாமலே விட்டிருக்கிறார். நத்தை தூங்கியதாகப் பெயர், படிக்கட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

'கடிகாரம்' கட்டத்தின் பட்டியலைக் கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். அடியில், 'எதையும் சாராதது' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் கம்பி நேரே உள்ளே போயிருக்கும். அதை வாங்கிக்கொள்ள யமுனா உள்ளே ஏற்கெனவே வழி செய்து வைத்திருக்கிறாள்.

யமுனாவும் ரூபனும் கடைசி அடுக்கல் வேலையில் இருந்தார்கள். இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த நேரத்தில் போய், உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி, அது தவறாகிவிட்டால்? முதலில் எனக்கு உறுதியாகட்டும். இன்னொரு முறை படித்துவிட்டு நாளை சொல்கிறேன்.

ஒட்டடை அடித்தேன்.

ஜூலை 24, புதன்

இன்று சொல்லத்தான் போனேன்.

மலைப் பெட்டிகளை வாங்க இருக்கும் அமைப்பிலிருந்து போஜன் என்பவர் வந்திருந்தார். படகர், ஐம்பது வயது இருக்கும், கையில் ஒரு பை வர்க்கி பிஸ்கட். யமுனா என்னை அறிமுகப்படுத்தினாள்: "அர்த்தநாரி சார். நத்தைய உலகத்துக்குச் சொன்னவரு இவருதாங்க."

"அப்ப உங்களுக்கு ரெண்டு வர்க்கி" என்றார் போஜன். போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஒரு சரிவு, அதன் கீழே வரிசையாக லைன் வீடுகள், கொடியில் காயும் துணிகள். "மேல மூணு பெட்டி வெக்கணும். அடுத்த ஜூன் மழைக்குள்ள. ரெண்டாவது வீடு எங்க அத்தையோடது. எடத்த மாத்துன்னா கேக்கறதில்ல. 'மலை எனக்குச் சொல்லாம வராது'ங்குது. நீங்கதான் அதுக்கு வாய் குடுத்திருக்கீங்க."

"வாய் குடுத்தது யமுனா. சார் ஜாதகம் மட்டும்" என்றார் ரூபன். எல்லோரும் சிரித்தார்கள்.

வர்க்கி வாயில் உதிர்ந்துகொண்டிருந்தது. யமுனா என் பக்கம் திரும்பி, "சார் ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றாள்.

"நன்றாக இருக்கிறது" என்றேன். வர்க்கியை.

ஜூலை 25, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மழை. குடை வீட்டில். நனைந்துகொண்டே மாடிப்படி ஏறினேன். யமுனாவின் அறை வாசலில் நின்றேன். உள்ளே இருவரும் இருந்தார்கள்.

"என்ன சார், இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? ஜாதகத்துல ஏதும் தோஷமா?" என்றார் ரூபன்.

"ஆமாம்" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சொன்னேன். வரிசையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். குரல் எனக்கே கேட்கவில்லை. யமுனா எழுந்து வந்து பக்கத்தில் நின்று, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். விழிப்பு முனை. எக்ஸ்பிரஸ். நான் போட்டது. இரண்டு படிக்கட்டு.

யமுனா போய் உட்கார்ந்தாள். எக்ஸ்பிரஸை உண்மையாகவே நிறுத்தி, நத்தையை உண்மையாகவே தூங்க வைத்து, முழுச் சில்லையும் ஓட்டினாள். காத்திருந்தோம். கீழே பட்டறையில் யாரோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள்.

திரையில் கோடுகள் நகர்ந்தன. பாசஞ்சர் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் நேர்கோடு. பிறகு மண் அசைந்தது. உணரியின் கோடு உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது, கையைத் தூக்கிக்கொண்டு பதில் வராமல் நிற்கும் ஒருவரைப்போல. அதற்குக் கீழே நத்தையின் கோடு அசையவில்லை. ஏரித் தண்ணீர்போல அப்படியே கிடந்தது. பார்ப்பதற்கு அழகாக இருந்தது என்று எழுதினால் அது கொடுமை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டுப் பாக்கட்டா?" என்றார் ரூபன்.

"வருசக்கணக்கா விட்டாலும் இப்படியேதான் கெடக்கும்" என்றாள் யமுனா.

"எக்ஸ்பிரஸ நிறுத்தாம ஓட்டுனது நாந்தான்" என்றார் ரூபன், யாரிடமென்றில்லாமல்.

"சரி பண்ண எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"கட்டத்த மாத்த ஒரு நிமிசம். மறுபடி எல்லாத்தையும் அடுக்கி, கம்பி இழுத்து, நேரம் சரி பாக்க நாலு நாள்." அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "சார், இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

காலையில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"திங்கள்கிழமை."

"திங்கக்கிழமையா?" என்று ரூபன் எழுந்துவிட்டார். "சார், திங்கக்கிழமை ஒரு வார்த்த சொல்லிருந்தா நாளைக்கு மத்தியானம் முடிச்சிருப்போமே! மூணு நாளு என்ன சார் பண்ணிட்டு இருந்தீங்க?"

"உறுதியாகட்டும் என்று..."

"ரூபா, விடு" என்றாள் யமுனா. முகம் கழுவப் போனாள். வெகு நேரம் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 26, வெள்ளி

நேற்று ராஜினாமா எழுதிக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். அதுவும் பேசாமல் தப்பிப்பதற்கு ஒரு வழிதான் என்று தோன்றியது. வெறுங்கையோடு போனேன்.

ரூபன் இப்படியே அனுப்பிவிடலாம் என்றார். மற்ற பகுதிகளையாவது சோதித்துக்கொள்ளலாமே, இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்? அதில் நியாயம் இருந்தது. யமுனா பத்து நிமிடம் ஜன்னலோரம் நின்றாள். பிறகு போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போஜனைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்கவில்லை. தூங்கினால் எழாது, சரி செய்து டிசம்பரில் அனுப்புகிறோம், சில்லு ஏப்ரலில் கைக்கு வரும் என்றாள்.

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. "ஏப்ரல்னா ஜூனுக்குள்ள பெட்டி பொதைக்க ஓடணுமே யம்மா" என்றார் போஜன். "காத்திருக்கறோம்னு வாக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. மேல கேட்டுச் சொல்றேன். ஆனா ஒண்ணு. எழாத பெட்டிய வெச்சிட்டு, பெட்டி இருக்குதுன்னு எங்க அத்தை நம்பித் தூங்கறதுக்கு, பெட்டி இல்லாமயே பயந்துட்டு இருக்கட்டும்."

மாலை ஐந்து மணிக்கு நத்தை இல்லாமல் வண்டி போய்விட்டது. ரூபன் டீ வாங்கி வந்தார். எனக்கும் ஒன்று இருந்தது.

கிளம்பும்போது யமுனா படி வரை வந்தாள்.

"உங்க மேல கோவமாத்தான் இருக்கறேங்க சார். இல்லேன்னு சொன்னா அது பொய்."

"தெரியும்."

"அது போக ஒரு வாரம் ஆகும். ஆனாத் திங்கக்கிழம வந்துருங்க. வந்தா கதவுகிட்ட நிக்காதீங்க. நான் போன்ல இருந்தாலும் சரி, சோறு தின்னுட்டு இருந்தாலும் சரி, உள்ள வந்து சத்தம் போடுங்க. தப்பாவே இருக்கட்டும். தப்பா இருந்தா ஒரு நிமிசந்தான் வீண்."

"சரி" என்றேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, "எனக்கு முட்டை பப்ஸ் ஆகாது" என்றும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லிருக்கலாமே!" என்றாள். சிரிப்பு வந்தது, ஆனால் அழுகைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

விழிப்பு முனைக்கு நேரே, 'எதையும் சாராதது' என்று மாற்றிவிட்டேன். பக்கத்தில், ஏன் என்பதையும் இரண்டு வரியில் எழுதினேன். கையேட்டில் காரணம் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை.

மதியம் தூங்கவில்லை. கோபிக்கு நானே போன் செய்தேன்.

"ஏனுங்க? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்லை மயிலு. கொஞ்சம் பேச வேண்டும்."

அன்று சாப்பிடும்போது திருமூர்த்தி, பேரனுக்குக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்ற பேச்சில், "அம்மாவுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது" என்றான். முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் அவள். மாமனார் மாமியார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இதை இந்தப் பக்கங்களில் நான் இதுவரை எழுதவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். காலையில் திருமூர்த்திக்கும் போன் செய்து, நீ சொன்னது தவறு என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். அவன் கொஞ்சம் திகைத்துப்போய், "அப்பா, நீங்களா பேசறது?" என்று கேட்டதையும் சொன்னேன். நத்தையைப் பற்றி, படிக்கட்டுகளைப் பற்றி, யமுனா முகம் கழுவிய சத்தத்தைப் பற்றி, போஜனின் அத்தையைப் பற்றி, காஸ் இல்லாமல் பிரெட் சாப்பிட்டதைப் பற்றியெல்லாம் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வெளியே சாரல் வந்து போய் வந்து போய்க்கொண்டிருந்தது.

முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மயிலு?"

"கேட்டுட்டுத்தான் இருக்கறன்" என்றாள். "நிறுத்தாதீங்க."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. போஜனும் இன்னும் பதில் சொல்லவில்லை. அவை அவர்கள் சொல்ல வேண்டியவை.

முதல் நாள் சுருக்கத்தில் இரண்டாவதாக எழுதியது, பேச்சு குறைந்தால் பிழையும் குறையும் என்பது, தவறு. அதை அடித்துவிடாமல் அப்படியே விட்டுவைக்கிறேன். எழுபது வயது வரை அதை உண்மை என்றுதான் நம்பியிருந்தேன்.